“ஏன் வந்தாய்?” என்று கேட்காத இடம்
நூலகங்களும் நமது பெண்களும் – ஒரு சமூகப் பார்வை

சில ஆண்டுகளுக்கு முன்னர், மழை விடாது பெய்த ஓர் ஆடி மாதத்துக் காலையில், புசல்லாவைப் பக்கத் தோட்டமொன்றைச் சேர்ந்த சகோதரி ஒருவர் என்னைத் தேடி வந்தார். கையில் ஒரு பொலித்தீன் பை. அதனுள்ளே மடித்து மடித்து நைந்துபோன கடதாசிகள். அடையாள அட்டைப் பிரதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், முகாமில் வழங்கப்பட்ட ஒரு துண்டு, கணவரின் சிறிய புகைப்படம்.

அவர் இந்த மலையிலே பிறந்தவர். 1977 ஆம் ஆண்டு வன்செயலின் பின்னர் அவரது பெற்றோர் அவரைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு வவுனியாவுக்குப் போனார்கள். பின்னர் கிளிநொச்சி. அங்கேயே வளர்ந்து, திருமணம் செய்து, இரண்டு பிள்ளைகளைப் பெற்றார். 2009 ஆம் ஆண்டு யுத்தத்தின் இறுதி நாட்களில் கணவரைத் தவறவிட்டார். மெனிக் பாம் முகாமில் இருந்து வெளியே வந்தபோது போவதற்கு வீடு இல்லை. தோட்டத்தில் இருந்த பெரியம்மாவின் மகளது லயக் காம்பிராவில் பிள்ளைகளுடன் ஒதுங்கினார்.

மரணச் சான்றிதழ் எடுத்தால்தான் எதையும் செய்யலாம் என்று பலரும் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். “செத்துட்டாருன்னு நான் எப்படி மிஸ் கையெழுத்துப் போடுறது? என் கண்ணால நான் பாக்கலையே” என்றார். பிறகு பையிலிருந்து கொப்பித் தாளொன்றை எடுத்து நீட்டினார். அதில் பென்சிலால், பெரிய பெரிய எழுத்துக்களில், ஒரு பத்திரிகைச் செய்தி பிரதி செய்யப்பட்டிருந்தது. காணாமற்போனவரின் குடும்பத்தினர், அவர் இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்ளாமலே, அவர் காணாமற்போயிருக்கிறார் என்பதற்கான சான்றிதழைப் பெறுவதற்கு 2016 ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் வழி செய்திருக்கிறது என்பதே அந்தச் செய்தி.

“இதை எங்கே அக்கா வாசித்தீர்கள்?” என்று கேட்டேன்.

“டவுன்ல லைபிரரி இருக்குல்ல மிஸ். மழைக்கு ஒதுங்கத்தான் போனேன். மேசையில பேப்பர் கெடந்துச்சு. உக்காந்து வாசிச்சேன். ஏன் வந்தேன்னு யாரும் ஒண்ணும் கேக்கல.”

சமூகவியல் மாணவியாக இருந்த காலத்தில் நூலகத்தின் சமூகப் பங்கு பற்றிப் பல பக்கங்கள் வாசித்திருக்கிறேன். அவற்றின் சாரத்தை இந்தச் சகோதரி ஒரே வசனத்தில் சொல்லிவிட்டார். முகாம் வாசலில், சோதனைச் சாவடியில், அலுவலக வரிசையில், ஏன் உறவினர் வீட்டிலும்கூட “ஏன் வந்தாய்? எங்கிருந்து வந்தாய்? எத்தனை நாள் இருப்பாய்?” என்ற கேள்விகளுக்கே பதில் சொல்லிச் சலித்தவர் அவர். கேள்வி கேட்காத ஓர் இடம் அவருக்கு எவ்வளவு பெரிது!

ஆய்வுகள் சொல்வது என்ன?

நூலகம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது புத்தக அலுமாரிகளும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளும்தான். ஆனால் கடந்த சில தசாப்தங்களாகச் சமூக ஆய்வாளர்கள் நூலகத்தை வேறொரு கண்கொண்டு பார்த்து வருகின்றனர்.

அமெரிக்கச் சமூகவியலாளர் ரே ஓல்டன்பேர்க் 1989 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் ‘மூன்றாம் இடம்’ என்ற கருத்தை முன்வைத்தார். வீடு முதலாம் இடம். வேலைத்தளம் இரண்டாம் இடம். இவையிரண்டும் அல்லாது மனிதர்கள் சாதாரணமாகக் கூடிப் பேசும் இடம் மூன்றாம் இடம். தேநீர்க் கடையும் சலூனும் சந்தியும் இவ்வகையைச் சேர்ந்தவை. நமது ஊர்களை எண்ணிப் பாருங்கள். ஆண்களுக்கு இத்தகைய இடங்கள் பல உண்டு. நமக்கு? தண்ணீர்ப் பீலியும் கோயிலும் தவிர வேறு என்ன இருக்கிறது? அங்கும் வேலையோ நேர்த்தியோ இன்றிச் சும்மா அமர்ந்திருக்க முடியுமா?

நோர்வே நாட்டின் ஆய்வாளர் ரக்னார் ஆவ்டுன்சன் பொது நூலகத்தை ‘அழுத்தம் குறைந்த சந்திப்பிடம்’ என்று விளக்கினார். கட்சிக் கூட்டத்துக்கும் சங்கத்துக்கும் ஒரே எண்ணம் கொண்டவர்களே போகிறார்கள். நூலகத்திலோ நம்மைப் போன்றவர் அல்லாத ஒருவரும் பக்கத்துக் கதிரையில் அமர்ந்திருப்பார். அவரோடு பேசவேண்டிய கட்டாயம் கிடையாது. ஆயினும் அவரும் நம்மைப்போல் பத்திரிகை வாசிக்கிறார், அவரது பிள்ளையும் சித்திரப் புத்தகம் கேட்டு அழுகிறது என்பதை நாம் காண்கிறோம். வேறு மொழி பேசுபவர், வேறு மதத்தவர் என்ற பயம் இவ்வாறுதான் மெதுவாகக் கரைகிறது என்பது அவரது கருத்தாகும்.

அவரும் அவரது சகாக்களும் இணைந்து 2011 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்று நமக்கு மிகவும் நெருக்கமானது. ஆப்கானிஸ்தான், ஈரான் ஆகிய நாடுகளிலிருந்தும் குர்திஷ் சமூகத்திலிருந்தும் நோர்வேக்குச் சென்று குடியேறிய பெண்களிடம் அவர்கள் உரையாடினர். புதிய நாட்டில் மொழியும் தெரியாது, ஆளும் தெரியாது. அந்த ஆரம்ப நாட்களில் நூலகம் அவர்களுக்குப் பயமின்றி அமர்ந்து புதிய சமூகத்தைக் கவனிப்பதற்கான ஓர் இடமாக இருந்தது. பின்னர் மொழி கற்கவும் மற்றவர்களுடன் பழகவும் அதே இடம் உதவியது. தமது தாய்மொழிப் புத்தகங்களும் அங்கே கிடைத்ததால், பழைய வாழ்வோடு இருந்த தொடர்பும் அறுந்துபோகவில்லை. இடம்பெயர்ந்து வேற்றூரில் குடியேறிய நம்மில் பலருக்கும் இந்த அனுபவத்தை விளக்கத் தேவையில்லை.

இன்னொரு நோர்வே ஆய்வாளரான அன்ட்ரியாஸ் வோர்ஹைம், நூலகத்துக்கும் நம்பிக்கைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். அமெரிக்காவில் நூலகங்கள் நடத்திய மொழி வகுப்புக்களுக்கும் கணினி வகுப்புக்களுக்கும் வந்த மெக்சிக்கோ நாட்டுக் குடியேறிகளை அவர் அவதானித்தார். முதலில் அவர்களுக்கு நூலகர்மீது நம்பிக்கை ஏற்பட்டது. காலப்போக்கில் வகுப்பில் கூட இருந்தவர்கள்மீதும் அது வளர்ந்தது. யுத்தம் நம்மிடமிருந்து பறித்துக்கொண்டவற்றுள் காணியையும் நகையையும் எழுதிக் கணக்கிடலாம். அயலார்மீது நாம் வைத்திருந்த நம்பிக்கையை எந்தப் படிவத்தில் நிரப்புவது? அதை மீண்டும் கட்டியெழுப்பும் இடங்களில் ஒன்றாக நூலகம் இருக்கக்கூடும் என்பதை இவ்வாய்வு உணர்த்துகிறது.

ஒன்றை மறந்துவிடக்கூடாது. கட்டடம் இருப்பதால் மட்டும் இவை நடந்துவிடுவதில்லை. நூலகரின் முகமலர்ச்சியும் அங்கு நடத்தப்படும் நிகழ்ச்சிகளும்தான் வித்தியாசத்தை உண்டாக்குகின்றன. வாசலிலே முகஞ்சுளிக்கும் ஒருவர் இருந்தால் ஆயிரம் புத்தகங்களாலும் பயனில்லை.

யாழ்ப்பாணம் கற்றுத்தந்த பாடம்

ஒரு நூலகம் மக்களுக்கு என்னவாக இருக்கிறது என்பதை உலகுக்குத் துயரத்தோடு உணர்த்தியது யாழ்ப்பாணப் பொது நூலகமாகும். 1933 ஆம் ஆண்டு க. மு. செல்லப்பா என்பவர் தமது வீட்டிலேயே புத்தகங்களை வைத்து இரவல் கொடுக்கத் தொடங்கினார். ஊர்ப் பெரியோர் இணைந்து குழு அமைத்து, 1934 ஆம் ஆண்டு வாடகை அறையொன்றில் 844 புத்தகங்களுடன் அதனைப் பொது நூலகமாகத் திறந்தனர். இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் எஸ். ஆர். இரங்கநாதனின் ஆலோசனையுடனும் சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மனின் வரைபடத்துடனும் எழுந்த புதிய கட்டடம் 1959 ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. ஒரு மனிதரின் வீட்டு அலுமாரியில் ஆரம்பித்தது ஊருக்கே சொத்தாக மாறியது.

1981 ஆம் ஆண்டு மே 31 ஆம் திகதி நள்ளிரவை ஒட்டி அது எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றுள் மீண்டும் கிடைக்கவே முடியாத ஓலைச்சுவடிகளும் அடங்கும். ஒருபோதும் அந்நூலகத்தின் படியேறாதவர்கள்கூட அந்தச் செய்தி கேட்டு அழுதார்கள் என்று மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஏன் அழுதார்கள்? தம் பிள்ளைகளுக்கென்று சேர்த்துவைத்த ஒன்றை இழந்த தாயின் அழுகை அது. நூலகம் வாசிப்பவருக்கு மட்டும் உரியதல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. மீளக் கட்டப்பட்ட நூலகத்தில் இன்று பிள்ளைகள் படிக்கிறார்கள்.

மலையகத்தில் மூடியிருந்த கதவு

இனி எங்கள் மலைக்கு வருவோம். இலங்கையில் பொது நூலகங்களை நடத்துபவை மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை ஆகிய உள்ளூராட்சி மன்றங்களே. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புக்களுக்குச் சபை நிதியைச் செலவிடுவதற்கு நீண்டகாலம் தடையாக இருந்தது. தோட்டத்து வாக்குகளால் உறுப்பினர்கள் தெரிவானார்கள். ஆனால் தோட்டத்துப் பாதைக்கும் விளக்குக்கும் வாசிகசாலைக்கும் சபையின் பணம் வரவில்லை. இந்தச் சட்டம் 2018 ஆம் ஆண்டிலேயே திருத்தப்பட்டது. அதாவது, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு சமூகம் முழுவதும் பொதுச் சேவையின் வாசலுக்கு வெளியே நின்றது.

இதன் நிழல் நூலக அங்கத்துவப் படிவத்திலும் விழுந்தது. எனது கதையின் சகோதரி பிள்ளைகளுக்குப் புத்தகம் இரவல் எடுப்பதற்காகப் படிவமொன்றை வாங்கினார். வீட்டு இலக்கம் கேட்கப்பட்டிருந்தது. லயத்துக்கு ஏது இலக்கம்? கடிதம் எல்லாம் தோட்டக் காரியாலயத்துக்குத்தான் வரும். அடுத்து, சபைக்கு வரி செலுத்தும் ஒருவரின் பிணைக் கையொப்பம் வேண்டும் என்றிருந்தது. “நாங்க தோட்டத்து ஆளுங்க மிஸ். எங்களுக்கு யாரு பொணை நிப்பா?” என்றார். யாரும் அவரைத் திட்டவில்லை, விரட்டவுமில்லை. ஒரு கடதாசி போதுமாக இருந்தது. ஏழைப் பெண்களை வெளியே நிறுத்தும் தடைகள் பெரும்பாலும் இவ்வாறு சத்தமில்லாமல்தான் இருக்கின்றன.

நேரமும் ஒரு தடை. கொழுந்து நிறுத்துவிட்டு, பிள்ளை மடுவத்திலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு, அடுப்பு மூட்டும் வேளையில் நூலகம் பூட்டப்பட்டுவிடும். வேலை நாளில் போனால் அன்றைய பேர் இல்லை. மலசலகூட வசதி இல்லாத இடங்களில் பிள்ளையோடு ஒரு மணி நேரம் அமர முடியாது. பத்திரிகை மேசையைச் சுற்றி ஆண்கள் மட்டுமே இருந்தால் உள்ளே காலடி வைக்கவே நமக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஆனால் தோட்ட மக்களுக்கு வாசிப்பில் ஆர்வமில்லை என்று எவரும் சொன்னால் நம்பாதீர்கள். கோ. நடேசய்யரும் அவரது துணைவியார் மீனாட்சியம்மையும் கடந்த நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பத்திரிகையோடும் பாட்டோடும் தொழிலாளரிடம் சென்றார்கள். எழுத்தறியாதவருக்கும் கருத்து போய்ச் சேரும் வழியை மீனாட்சியம்மை தமது பாடல்களால் காட்டினார். பின்னர் தோட்ட இளைஞர்கள் தாமாகவே படிப்பகங்களை நடத்தினார்கள். ஒருவர் உரக்க வாசிக்க, பத்துப் பேர் சுற்றியிருந்து கேட்ட காலம் அது. அந்தச் சுற்றில் பெண்கள் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதே நாம் இன்று கேட்கவேண்டிய கேள்வி.

பல்கலைக்கழக நூலகமும் நமக்குரியதா?

புசல்லாவையிலிருந்து கம்பளை வழியாக இறங்கினால் பேராதனை. அங்கே 1952 ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் பல்கலைக்கழக வளாகத்தின் நூலகம் நாட்டின் மிகப் பெரிய கல்விசார் நூலகங்களுள் ஒன்றாகும். இத்தகைய நூலகத்தில்தான் நான் முதன்முதலாக எங்கள் பெண்களைப் புள்ளிவிபர அட்டவணை ஒன்றில் கண்டேன். கூலி, போசாக்கு, பிரசவம், எழுத்தறிவு என எல்லாமே எண்களாக இருந்தன, அதுவும் ஆங்கிலத்தில். எங்கள் லயத்துக்குக் கேள்விக்கொத்தோடு யாரோ வந்து போனது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. அம்மா அன்று அவர்களுக்குப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்து, கேட்டதற்கெல்லாம் பதிலும் சொன்னார். அந்தப் பதில்கள் எங்கே போயின என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

யுத்தத்தால் பாதிக்கப்பட்ட பெண்களிடமும் இன்றுவரை எத்தனையோ பேர் வந்து கதை கேட்டுப் போயிருக்கிறார்கள். நாம் அழுது சொன்னவை ஆய்வேடுகளாகிப் பல்கலைக்கழக நூலகங்களில் அடுக்கப்பட்டிருக்கின்றன. சொன்னவர்களுக்கு அவை திரும்பி வருவதில்லை. கல்விசார் நூலகத்தின் சமூகப் பங்கு என்பது மாணவருக்குப் புத்தகம் கொடுப்பதோடு முடிந்துவிடுவதா? தம்மிடமுள்ள ஆய்வுகளின் சுருக்கத்தை எளிய தமிழில் எழுதி ஊர் நூலகங்களுக்கு அனுப்புவதற்கு அவை முன்வர வேண்டும். ஆய்வுக்காக நம்மிடம் வருபவரிடம், “முடிந்ததும் தமிழில் ஒரு பிரதி எங்கள் சங்கத்துக்குத் தருவீர்களா?” என்று கேட்பதற்கு நமக்கும் உரிமை உண்டு.

இந்த இடைவெளியைத் தன்னார்வலர்கள் ஓரளவு நிரப்புகின்றனர். 2005 ஆம் ஆண்டு ஆரம்பிக்கப்பட்ட ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகம் இலங்கைத் தமிழரின் நூல்களையும் பழைய பத்திரிகைகளையும் சஞ்சிகைகளையும் இணையத்தில் இலவசமாக வாசிக்கத் தருகிறது. மகளின் கைத்தொலைபேசியில்கூட அதனைத் திறக்கலாம். எரிந்துபோனதன் பின்னர் ஒரு சமூகம் கற்றுக்கொண்ட விவேகம் இது.

புத்தகம் நம்மைத் தேடி வந்தால்?

நாம் நூலகத்துக்குப் போக முடியாவிட்டால் நூலகம் நம்மிடம் வரலாம். 1931 ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டி ஒன்று புத்தகங்களைச் சுமந்துகொண்டு கிராமம் கிராமமாகச் சென்றது. அண்மைக்கால உதாரணமும் உண்டு. தென் அமெரிக்காவின் கொலம்பியா நாட்டில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நீடித்த உள்நாட்டு யுத்தத்தை நிறுத்தும் சமாதான உடன்படிக்கை 2016 ஆம் ஆண்டு கைச்சாத்தானது. மறு ஆண்டு, போராளிகள் ஆயுதம் கையளித்துத் தங்கியிருந்த பகுதிகளுக்கு அருகே 20 நடமாடும் நூலகங்கள் கொண்டுசெல்லப்பட்டன. முன்னாள் போராளிகளும் ஊர் மக்களும் ஒரே கூடாரத்தின் கீழே அமர்ந்து வாசிக்கவும் படம் பார்க்கவும் வழி ஏற்பட்டது. யுத்தம் முடிந்த மண்ணில் பாதையும் பாலமும் போடும்போது நூலகத்தையும் ஓர் அவசியத் தேவையாக அவர்கள் கருதினார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

நாம் செய்யக்கூடியவை

சகோதரிகளே, இவற்றையெல்லாம் யாராவது வந்து செய்து தருவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். நாளையே ஆரம்பிக்கக்கூடிய சில காரியங்கள் இதோ.

* பொது நூலகத்தின் பத்திரிகைப் பகுதியில் அமர்ந்து வாசிப்பதற்கு வழக்கமாக அங்கத்துவம் கேட்பதில்லை. முதல் தடவை தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து செல்லுங்கள்.

* இரவல் எடுக்கப் பிணை கேட்டால், ஆசிரியர், கிராம உத்தியோகத்தர் போன்ற அரச உத்தியோகத்தரின் கையொப்பத்தை ஏற்பார்களா என்று விசாரியுங்கள். இயலாது என்றால் அதனை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் இருந்தால்தான் சபையிடம் முறையிடலாம்.

* பின்னேரம் தாமதமாகவோ விடுமுறை நாளிலோ திறந்துவைக்கும்படியும், பெண்களுக்கும் சிறுவர்க்கும் தனி மேசை தரும்படியும் மாதர் சங்கத்தின் பெயரால் பிரதேச சபைக்கு மனுக் கொடுங்கள். 2018 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னர் தோட்டங்களிலுள்ள சகோதரிகளும் இதைத் தயங்காமல் கேட்கலாம்.

* உங்கள் சங்கக் கட்டடத்திலோ முன்பள்ளியிலோ ஓர் அலுமாரி போதும், சிறு வாசிகசாலை ஆரம்பிக்கலாம். செல்லப்பா தமது வீட்டில்தான் தொடங்கினார். எழுத்துக்கூட்டி வாசிக்கச் சிரமப்படும் அம்மாமார் இருந்தால், ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் கேட்கட்டும்.

* வர்த்தமானி, வேலை விளம்பரம், நட்டஈடு, சான்றிதழ் தொடர்பான செய்திகளை ஒரு கொப்பியில் ஒட்டி எல்லோருக்கும் தெரியும் இடத்தில் வையுங்கள். ஒருவர் கண்டது பத்துப் பேருக்கு உதவும்.

நூலகம் நமது துயரங்களுக்கெல்லாம் மருந்து என்று நான் சொல்லவரவில்லை. காணாமற்போனவரை அது திருப்பித் தராது. கூலியை உயர்த்தாது. ஆனால் என்ன கேட்கலாம், யாரிடம் கேட்கலாம் என்பதை அறிந்துகொண்ட பெண் ஒருத்தி வரிசையில் நிற்கும் விதமே வேறு.

அந்தச் சகோதரிக்குப் பின்னர் ஓர் ஆசிரியை பிணைக் கையொப்பம் இட்டார். சான்றிதழுக்கான விண்ணப்பத்தை நாங்கள் இருவரும் சேர்ந்து நிரப்பினோம். ‘இறந்தார்’ என்று எங்கும் எழுதாமல் கணவரின் பெயரை எழுதியபோது அவரது கை நடுங்கியது. ஆயினும் எழுதி முடித்தார்.

அண்மையில் அவரைப் புசல்லாவை டவுனில் கண்டேன். அன்றும் மழை. கையில் அதே மாதிரியான ஒரு பொலித்தீன் பை. “என்ன அக்கா, மறுபடியும் கடதாசியா?” என்று கேட்டேன். பையைத் திறந்து காட்டினார். நனையாமல் சுற்றியெடுத்த இரண்டு நூலகப் புத்தகங்கள்.

“நாளைக்குத் தவணை மிஸ்” என்று சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு நூலகத்தின் பக்கம் நடந்தார்.